சாட்டை இல்லாத ஆலோசகர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். பிரவுசரைத் திறந்து ஒரு வெப்சைட்டின் முகவரியை டைப் செய்கிறீர்கள். அவசரத்தில் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அப்படி ஒரு முகவரியே உலகில் இல்லை. உடனே, இந்தத் தளத்தைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி திரையில் வருகிறது. நீங்களும் எழுத்தைத் திருத்தி மீண்டும் என்டர் தட்டுகிறீர்கள். வேலை முடிந்தது.

"இல்லை" என்ற இந்தப் பதில் மிகச் சாதாரணமானது போலத் தோன்றும். ஆனால் 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, டாட் காம், டாட் நெட் என முடியும் முகவரிகளுக்கு இந்தப் பதில் திடீரென நின்று போனது. இந்த இரண்டு வகை முகவரிகளின் பதிவேட்டை நடத்தி வருவது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். பதிவேட்டில் இல்லாத ஒரு பெயரைக் கேட்டால் "இல்லை" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, சைட் ஃபைண்டர் என்ற தன்னுடைய சொந்தத் தேடல் பக்கத்திற்குக் கொண்டு போகும்படி அன்று அந்நிறுவனம் மாற்றி அமைத்தது. தவறாக டைப் செய்பவர்களுக்கு உதவுகிறோம் என்பது அதன் விளக்கம். அந்தப் பக்கத்தில் விளம்பர லிங்க்குகளும் இருந்தன.

இதில் என்ன தப்பு, உதவிதானே என்று நீங்கள் எண்ணலாம். வெப்சைட் பார்ப்பவர்கள் மட்டும்தான் இன்டர்நெட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அப்படிச் சொல்லிவிடலாம். ஆனால் இமெயிலும் அதே பதிவேட்டைத்தான் நம்பி இருக்கிறது. ஒரு மெயில் வந்தால், அனுப்பியவரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பதிவேட்டில் கேட்டுப் பார்த்து, இல்லை என்றால் அதைக் குப்பை மெயில் என்று ஒதுக்கும் வழக்கம் பல மெயில் சர்வர்களில் அப்போது இருந்தது. இப்போது எந்தப் பொய்ப் பெயரைக் கேட்டாலும் "இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்தச் சோதனை ஒரே நாளில் பயனற்றுப் போனது. முகவரியைத் தவறாக எழுதிய மெயில்கள், சம்பந்தமே இல்லாத வெரிசைன் சர்வர் வரை போய்த் திரும்பின. தங்கள் மொழியில் பிழைச் செய்தி பார்த்து வந்தவர்களுக்கு இப்போது ஆங்கிலப் பக்கம் ஒன்று வந்து நின்றது.

நான்காவது நாள், செப்டம்பர் 19 அன்று, ஒரு குழு இதைப் பற்றி விளக்கமான குறிப்பு ஒன்றை வெளியிட்டது. அந்தக் குழுவின் பெயர் இன்டர்நெட் ஆர்க்கிடெக்சர் போர்டு. சுருக்கமாக ஐ.ஏ.பி. என்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. இன்டர்நெட்டின் கட்டமைப்பு முழுவதையும் பார்த்து யோசனை சொல்வதுதான் இவர்களின் முக்கிய வேலை. சொன்னதைக் கேள் என்று எந்த நிறுவனத்துக்கும் உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது. இப்படிச் சாட்டை இல்லாத ஆலோசகர்களால் என்ன பயன் என்ற கேள்வி எழும். சாட்டை இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

மேஸ்திரியும் குழாய்க்காரரும்

வீடு கட்டியவர்களுக்கு இந்த விஷயம் உடனே புரியும். கொத்தனார், எலெக்ட்ரீஷியன், குழாய் வேலை செய்பவர், தச்சர் என எல்லாருமே அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் மொத்த வீட்டின் பிளானை யாரும் பார்க்கவில்லை என்றால், குழாய் போடுபவர் வழி குறுக்கிடுகிறது என்று பீமை உடைத்துக் குழாயைக் கொண்டு போய்விடுவார். அவர் வேலை சுத்தமாகத்தான் இருக்கும். தண்ணீரும் நன்றாக வரும். ஆனால் வீட்டின் பலம் போய்விடும்.

இன்டர்நெட்டும் இப்படித்தான். மெயில் எப்படிப் போக வேண்டும், வெப்சைட் எப்படி வர வேண்டும், பெயரை எப்படித் தேட வேண்டும் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிமுறைகள் உண்டு. இந்த விதிமுறைகளைத்தான் ஸ்டாண்டர்டு என்கிறோம். இவற்றில் பெரும்பகுதியை எழுதுவது ஐ.இ.டி.எஃப். எனப்படும் இன்டர்நெட் இன்ஜினியரிங் டாஸ்க் ஃபோர்ஸ் அமைப்பு. இதன் முதல் கூட்டம் 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடந்தது. வந்தவர்கள் 21 பேர். இன்று உலகம் முழுவதிலும் இருந்து இன்ஜினியர்கள் இதில் கலந்து கொள்கிறார்கள். உறுப்பினர் கார்டோ சந்தாவோ கிடையாது. மெயில் மூலம் விவாதத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம்.

இங்கே வேலை பல சிறு குழுக்களாகப் பிரிந்து நடக்கிறது. ஒவ்வொரு குழுவும் ஒரு விதிமுறையை எழுதும். குழாய்க்காரர் கதை இங்கேயும் நடக்க வாய்ப்பு இருக்கிறது அல்லவா? தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருப்பது, சேர்த்துப் பார்த்தால் தவறாக இருக்கலாம். எனவேதான் மொத்தப் பிளானையும் பார்க்க ஐ.ஏ.பி. இருக்கிறது. வெப் தொடர்பான விதிமுறைகளை எழுதும் டபிள்யூ3சி அமைப்பிலும் இதே வேலைக்காக 2001ல் டெக்னிகல் ஆர்க்கிடெக்சர் குரூப் என்ற குழு தொடங்கப்பட்டது. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ அதன் தலைவராக இருந்தார். வெப்பின் அடிப்படைக் கொள்கைகளைத் தொகுத்து அவர்கள் 2004 டிசம்பரில் ஒரு ஆவணம் வெளியிட்டார்கள்.

வெரிசைன் விவகாரத்தில் ஐ.ஏ.பி. எப்படி நடந்து கொண்டது என்று பாருங்கள். வெரிசைன் செய்தது விதிமீறல் என்று அது எடுத்த எடுப்பிலேயே சொல்லவில்லை. ஏனெனில், இல்லாத பெயர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத் தரும் வசதி, பெயர்ப் பதிவேட்டு விதிமுறையிலேயே இருக்கிறது. வைல்டு கார்டு என்று அதற்குப் பெயர். ஒரு நிறுவனம் தன் சொந்த டொமைனுக்குள் அதைப் பயன்படுத்தினால் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் உலகமே பயன்படுத்தும் பொதுப் பதிவேட்டில் அதைப் போட்டால் என்னென்ன உடையும் என்று வரிசையாக எழுதியது. பயன்படுத்துபவரை ஒரு புரோகிராம் முடிந்தவரை திகைக்க வைக்கக் கூடாது என்ற பழைய கொள்கையை நினைவூட்டியது. ஒரு பதிவேட்டுக்குக் கீழே பெயர் வைத்திருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்வது கூடாது என்றும் சொன்னது.

அதன் பிறகு வேலைகள் நடந்தன. பெயர் தேடும் சாஃப்ட்வேரான பைண்டைத் தயாரிப்பவர்கள், வைல்டு கார்டு பதிலைப் புறக்கணிக்கும் வசதியைச் சில நாள்களிலேயே வெளியிட்டார்கள். டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு, அக்டோபர் 3 அன்று கடுமையாக எச்சரித்தது. அக்டோபர் 4 அன்று வெரிசைன் அந்தச் சேவையை நிறுத்தியது. இந்த மாற்றம் மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், புதிய டொமைன் வகைகளை நடத்த முன்வந்த நிறுவனங்களுடன் ஐகேன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில், இப்படி வைல்டு கார்டு போடக் கூடாது என்பது ஒரு விதியாகவே சேர்ந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐ.ஏ.பி. யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஆனால் கோபமாக இருந்த இன்ஜினியர்களுக்கும், ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்த ஐகேனுக்கும், இது ஏன் தவறு என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தது. பொதுவில் வைத்த அந்தக் காரணங்கள் உத்தரவு செய்ய வேண்டிய வேலையைச் செய்தன.

அதிகாரம் போன கதை

ஐ.ஏ.பி.க்கு ஒரு காலத்தில் அதிகாரம் இருந்தது. இதன் தொடக்கம் 1979ல் விண்ட் செர்ஃப் ஏற்படுத்திய ஒரு சிறு ஆலோசனைக் குழு. வளர்ந்து, பெயர் மாறி, விதிமுறைகளுக்கு இறுதி ஒப்புதல் தரும் இடத்தில் அது வந்து அமர்ந்தது. 1992ல்தான் சிக்கல் ஏற்பட்டது.

இன்டர்நெட்டில் இணையும் கம்ப்யூட்டர்களை அடையாளம் காண ஓர் எண் வேண்டும். ஐ.பி. முகவரி என்பது இதுதான். அப்போது இருந்த முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் சாத்தியம். இது தீர்ந்து போகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம் என்று விவாதம் நடந்துகொண்டு இருந்தபோது, 1992 ஜூன் மாதம் ஜப்பானின் கோபே நகரில் கூடிய ஐ.ஏ.பி., வேறொரு சர்வதேச அமைப்பு உருவாக்கி வைத்திருந்த முறையை அடிப்படையாக எடுத்துக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தது. அவர்களின் கவலை நியாயமானது. காலம் குறைவு என்று நினைத்தார்கள். ஆனால் வேலை செய்கிற இன்ஜினியர்களிடம் முறையாகப் பேசி முடிக்காமல் மேலே இருந்து வந்த முடிவாகவே அது பார்க்கப்பட்டது.

அடுத்த மாதம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.இ.டி.எஃப். கூட்டம் நடந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. ஐ.ஏ.பி. பின்வாங்கியது. அந்தக் கூட்டத்தில் பேசிய டேவிட் கிளார்க், எங்களுக்கு ராஜாவும் வேண்டாம், ஜனாதிபதியும் வேண்டாம், ஓட்டெடுப்பும் வேண்டாம், பெரும்பாலோர் ஒத்துப் போவதும் ஓடிக் காட்டும் புரோகிராமும் போதும் என்ற பொருளில் சொன்னது, பிறகு அந்த அமைப்பின் கொள்கையாகவே ஆகிவிட்டது. விதிமுறைகளுக்கு ஒப்புதல் தரும் வேலை ஐ.ஏ.பி.யிடம் இருந்து எடுக்கப்பட்டு வேறு குழுவுக்குப் போனது. ஆலோசனை சொல்லும் வேலை, மேல் முறையீடுகளைக் கேட்கும் வேலை, பிற அமைப்புகளோடு தொடர்பு வைத்திருக்கும் வேலை ஆகியவை ஐ.ஏ.பி.யிடம் மிஞ்சின.

உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் மாறியது. இன்று ஐ.ஏ.பி.யில் 13 உறுப்பினர்கள். ஐ.இ.டி.எஃப். தலைவரைத் தவிர மற்ற 12 பேரையும் ஒரு நியமனக் குழு தேர்வு செய்கிறது. அந்த நியமனக் குழுவில் ஓட்டுரிமை உள்ள 10 பேரும் தாங்களாக முன்வந்த தொண்டர்களில் இருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறார்கள். குலுக்கலில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதற்காக, லாட்டரி முடிவு போன்ற வெளியே அனைவரும் சரிபார்க்கக் கூடிய எண்களைக் கொண்டு அதைச் செய்கிறார்கள். ஐ.ஏ.பி. உறுப்பினரின் பதவிக் காலம் இரண்டு ஆண்டு. எந்த நிறுவனத்தில் வேலை பார்த்தாலும், இங்கே அவர் தனி மனிதராகத்தான் அமர வேண்டும், நிறுவனத்தின் பிரதிநிதியாக அல்ல என்பது விதி.

தமிழுக்குக் கிடைத்த லாபம்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நீங்கள் இன்று தமிழில் மெயில் அனுப்புகிறீர்களே, அதில் இவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சில ஆண்டுகளாகவே கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தமிழ் வெப்சைட்டைத் திறந்தால், முதலில் அந்தத் தளத்துக்கு உரிய எழுத்துருவை டவுன்லோடு செய்ய வேண்டியிருந்த காலம் அது. பாமினியில் டைப் செய்ததைத் திஸ்கியில் படிக்க முடியாது. திஸ்கியில் எழுதியது டேப் எழுத்துருவில் தாறுமாறாகத் தெரியும். நண்பருக்குத் தமிழில் மெயில் அனுப்பினால், அவர் கம்ப்யூட்டரிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ குறியீடுகள்தான் தெரியும். ஆளுக்கு ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு, இந்த எண்ணுக்கு இந்த எழுத்து என்று முடிவு செய்ததால் வந்த வினை இது. தமிழுக்கு மட்டும் இல்லாமல், ஆங்கிலம் அல்லாத பல மொழிகளுக்கும் இதே தொல்லை இருந்தது.

1996 பிப்ரவரி 29, மார்ச் 1 ஆகிய இரு நாள்களில் ஐ.ஏ.பி. இது பற்றி ஒரு பயிலரங்கம் நடத்தியது. மெயிலுக்கு ஒரு வழி, வெப்புக்கு ஒரு வழி என்று ஒவ்வொரு குழுவும் தனித்தனியே எழுத்துப் பிரச்சினைக்குத் தீர்வு தேடினால் கதை முடியாது என்பதால், மொத்தமாக உட்கார்ந்து பேசினார்கள். உலக மொழிகள் அனைத்துக்குமான பொது எழுத்து அட்டவணையையும், அதை அனுப்ப யு.டி.எஃப்.-8 என்ற முறையையும் பொதுவாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள். அறிக்கை 1997 ஏப்ரலில் வெளியானது. 1998 ஜனவரியில், புதிதாக எழுதும் விதிமுறைகள் யு.டி.எஃப்.-8ஐக் கையாளக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பதை ஐ.இ.டி.எஃப். தன் கொள்கையாக ஆக்கிக் கொண்டது.

யுனிகோடை உருவாக்கியவர்கள் வேறு. 1991ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. யு.டி.எஃப்.-8ஐ 1992ல் வடிவமைத்தவர்கள் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும். ஐ.ஏ.பி. இவற்றில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் ஒரே வழியில் போங்கள் என்று சரியான நேரத்தில் காரணத்தோடு சொன்னது. அதுவே பெரிய காரியம். பின்னாளில் விண்டோஸ், பிரவுசர்கள், மொபைல் போன்கள் எல்லாம் யுனிகோடுக்கு மாறியபோது, அவற்றுக்கு இடையே எழுத்தைக் கொண்டு செல்லும் பாதை தயாராக இருந்தது. நீங்கள் மதுரையில் டைப் செய்யும் "ழ", டொரன்டோவில் இருக்கும் உங்கள் அண்ணன் மகளின் திரையில் "ழ" ஆகவே தெரிகிறது.

கேட்காமல் போனதும் உண்டு

ஆலோசனை எப்போதும் வெற்றி பெறும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 430 கோடி எண் பிரச்சினைக்கே வருவோம். 1992ல் நடந்த சண்டைக்குப் பின், இன்ஜினியர்கள் கூடிப் பேசி, ஐ.பி.வி.6 என்ற புதிய முறையின் விதிமுறையை 1995 டிசம்பரில் வெளியிட்டார்கள். இதில் எண்களுக்குப் பஞ்சமே வராது. ஆனால் புதிய முறைக்கு மாற நிறுவனங்கள் அவசரப்படவில்லை. ஒரே எண்ணைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கிட்டுக் கொள்ளும் நேட் என்ற ஒட்டு வேலை கைகொடுத்தது. உங்கள் வீட்டு ரூட்டர் இன்றும் இதைத்தான் செய்கிறது.

நேட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரை வெளியே இருந்து நேரடியாக அழைக்க முடியாது. அதைத் தாண்டப் புரோகிராம் எழுதுபவர்கள் பல சுற்று வழிகளைக் கையாண்டார்கள். இந்தச் சுற்று வழிகள் தற்காலிகமாகவே இருக்க வேண்டும், எப்படிக் கைவிடுவது என்ற திட்டத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2002 நவம்பரில் ஐ.ஏ.பி. எழுதியது. சுற்று வழிகள் பெருகினவே தவிரக் குறையவில்லை. 2011 பிப்ரவரி 3 அன்று, உலக அளவிலான கையிருப்பில் இருந்த பழைய எண்களின் கடைசித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. அதன் பிறகுதான் பலருக்கு விழிப்பு வந்தது. இந்தியாவில் மொபைல் நிறுவனங்கள் ஐ.பி.வி.6க்கு வேகமாக மாறிவிட்டன. ஆனாலும் இன்னும் பழைய முறை உலகில் ஓய்ந்தபாடில்லை. வீட்டில் வைத்த கேமராவை வெளியூரில் இருந்து நேரடியாகப் பார்க்க முடியாமல் தவிப்பவர்களில் பலர், இந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பவர்கள்தான்.

அப்படியானால் அதிகாரம் கொடுத்துவிடலாமா?

1995லேயே, இன்ன தேதிக்குள் எல்லாரும் மாறியாக வேண்டும் என்று உத்தரவு போட ஒரு குழு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அதிகாரம் கையில் இருப்பவர் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் குறைந்துவிடும். 1992ல் கோபே நகரில் நடந்தது அதுதான். இப்போது ஐ.ஏ.பி. ஒன்றைச் சொன்னால், ஏன் என்பதை எல்லாருக்கும் விளங்க எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். வெரிசைன் விவகாரத்தில் அவர்கள் எழுதிய குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. உத்தரவு மட்டும் போட்டிருந்தால், வழக்கு முடிந்ததும் அது மறந்து போயிருக்கும்.

இரண்டாவது, உத்தரவு போடும் நாற்காலி எங்கே இருக்கிறதோ, அதைப் பிடிக்கப் பெரிய நிறுவனங்களும் அரசாங்கங்களும் போட்டி போடும். வெறும் யோசனை சொல்லும் நாற்காலிக்கு அவ்வளவு கிராக்கி இருக்காது. அதனால்தான் அங்கே ஓரளவு நேர்மையாகப் பேச முடிகிறது.

மூன்றாவது, மொத்தப் பிளானைப் பார்ப்பவரும் தவறலாம். கோபே நகரில் முன்மொழிந்த முறையையே உலகம் ஏற்றிருந்தால் இன்றைய இன்டர்நெட் எப்படி இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்க்க இடம் இருந்ததால் அதைப் பற்றிப் பேசிப் பார்க்க முடிந்தது.

நம் ஊர்த் தேரோட்டத்தைப் பாருங்கள். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரம் பேர். சக்கரத்தின் அருகே கட்டையோடு நிற்பவர்கள் சிலர்தான். அவர்கள் இழுப்பதில்லை. தேர் தெருமுனைக்கு வரும்போது சரியான சக்கரத்தில் சரியான நேரத்தில் முட்டுக்கட்டையைப் போடுகிறார்கள். தேர் திரும்புகிறது. முட்டுக்கட்டை என்றால் தடை என்ற பொருளில்தான் நாம் பேசிப் பழகிவிட்டோம். அது இல்லாவிட்டால் தேர் நேராக எதிர் வீட்டுத் திண்ணையில் போய் ஏறும்.

நிபந்தனை என்ன?

தொடக்கத்தில் ஒரு நிபந்தனை என்று சொன்னேன். சாட்டை இல்லாத ஆலோசகர் பயன்பட வேண்டும் என்றால், அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் ஐ.ஏ.பி. வெளியிட்ட ஆவணம் ஒன்று இதை நேரடியாகவே சொல்கிறது. இன்டர்நெட் என்பது அதைப் பயன்படுத்துபவர்களுக்காக. நிறுவனங்களின் நலனும் பயன்படுத்துபவர்களின் நலனும் மோதும் இடத்தில், விதிமுறை எழுதுபவர்கள் பயன்படுத்துபவர்களின் பக்கம் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். டபிள்யூ3சி அமைப்பிலும் இதே போன்ற வரிசை உண்டு. முதலில் பயன்படுத்துபவர், பிறகு வெப்சைட் உருவாக்குபவர், பிறகு பிரவுசர் தயாரிப்பவர், அதற்குப் பிறகுதான் விதிமுறை எழுதுபவர்.

எழுதி வைத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் நடைமுறையில் குறைகள் இருக்கின்றன. கூட்டங்களுக்கு நாடு விட்டு நாடு போகச் செலவாகும். மாதக் கணக்கில் விவாதத்தில் ஈடுபட நேரமும் வேண்டும். எனவே பெரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களே அங்கு அதிகம். தனி மனிதராக அமர வேண்டும் என்று விதி இருந்தாலும், சம்பளம் தரும் இடத்தின் பார்வை கொஞ்சமாவது ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களின் குரல் அங்கே நேரடியாகக் கேட்பதில்லை. அவர்களின் ஆவணங்களும் இன்ஜினியர்களுக்கான ஆங்கிலத்தில் இருக்கின்றன. நமக்காக எழுதியதாகச் சொல்லும் ஆவணத்தை நம்மால் படிக்க முடியவில்லை என்றால் என்ன சொல்வது? ஒவ்வொரு முக்கியமான ஆலோசனையுடனும், சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு பக்கச் சுருக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மற்ற மொழிகளில் அதை மொழிபெயர்க்க ஆள்கள் கிடைப்பார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

யோசனை சொல்பவரிடம் சாட்டை இல்லை என்றால், அந்த யோசனைக்குப் பலம் கொடுப்பவர்கள் கேட்பவர்கள்தான். கேட்பவர்களில் நாமும் உண்டு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இன்டர்நெட்டில் போகும் தகவல் எல்லாம் இயல்பாகவே என்கிரிப்ட் செய்யப்பட்டுப் போக வேண்டும் என்று 2014 நவம்பரில் ஐ.ஏ.பி. அறிக்கை வெளியிட்டது. வெப் முழுவதும் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு மாற வேண்டும் என்று 2015ல் டபிள்யூ3சியின் குழுவும் சொன்னது. 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர், அப்படி மாறாத தளங்களைப் பாதுகாப்பற்றது என்று முகவரிக் கட்டத்திலேயே காட்டத் தொடங்கியது. ஆலோசனை உங்கள் திரைக்கு வந்துவிட்டது. அந்த எச்சரிக்கையைப் பார்த்தும் அதே தளத்தில் பாஸ்வேர்டை டைப் செய்தால், எத்தனை குழுக்கள் கூடிப் பேசியும் பயன் இல்லை.

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில பழக்கங்களை முதலிலேயே வைத்துக் கொள்ளுங்கள். பிரவுசரின் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள். தமிழில் டைப் செய்ய யுனிகோடு கீபோர்டையே தேர்ந்தெடுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள ஃபைல்கள் இருந்தால், இப்போதே யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். புதிய இணைப்பு வாங்கும்போது, ஐ.பி.வி.6 தருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். ஒரு சாஃப்ட்வேரை வாங்கும் முன், இதில் சேமிப்பதை வேறு சாஃப்ட்வேரில் திறக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் யோசியுங்கள்.

உங்கள் வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள். இன்டர்நெட்டின் விதிமுறைகள் ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் 1969 முதல் வெளியாகி வருகின்றன. அனைத்தும் இலவசம். ஐ.இ.டி.எஃப். விவாதங்களில் கலந்து கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பயன்படுத்துபவருக்காகப் பேசுகிறோம் என்று சொல்லும் இடத்தில், பயன்படுத்துபவரின் வீட்டுப் பிள்ளைகள் போய் உட்காரட்டும்.

அடுத்த முறை முகவரியில் ஓர் எழுத்து மாறி, திரையில் "இல்லை" என்ற பதில் வரும்போது சலித்துக் கொள்ளாதீர்கள். இல்லாததை இல்லை என்று சொல்லும் ஓர் இன்டர்நெட் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.